தங்கவயலை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

டோக்கியோ பல்கலைக்கழகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நோபல் பட்டியல், தரவரிசை எல்லாம் சரி, ஆனால் அவர்கள் எதில் கெட்டிக்காரர்கள் என்பது அதில் வரவே இல்லை. ஒரு கேள்வியைப் பிடித்தால் நாற்பது வருடமானாலும் விடமாட்டார்கள்.

ஜப்பானில் அவர்கள் ஆராய்ச்சி நடத்தும் காமியோகா சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். துத்தநாகச் சுரங்கம் அது, அதன் காட்மியம் ஆற்றில் கலந்துதான் எலும்புகளை நொறுக்கும் இதாய் இதாய் நோய் வந்தது. அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று பார்க்க 1983இல் அங்கே தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். சிதைந்ததாக இன்றுவரை தடயமில்லை. ஆனால் 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறிய சேதி வந்தபோது, அதிலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்களில் (எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) 11 அந்தத் தொட்டியில் சிக்கியிருந்தன. அந்தச் சோதனையை நடத்திய கொஷிபாவுக்கு 2002இல் நோபல். அப்புறம் 50,000 டன் தண்ணீரோடு சூப்பர் காமியோகாண்டே என்ற பெரிய தொட்டி. மேலிருந்து வரும் மியூவான் என்ற வகை நியூட்ரினோவைவிட, பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வருவது குறைவு என்று 1998இல் காட்டினார்கள். வழியிலேயே வேறு வகையாக மாறிவிடுகிறது, அப்படி மாற நிறை இருந்தாக வேண்டும். அந்தக் குழுவின் கஜிதாவுக்கு 2015 நோபல் இதற்குத்தான். நடுவில் 2001 நவம்பரில் தொட்டிக்குள் ஒளியைப் பதிவு செய்யும் குழாய் ஒன்று நொறுங்க, அந்த அதிர்ச்சியில் கிட்டத்தட்ட 7,000 குழாய்கள் போயின. மிச்சத்தைப் பரப்பி வைத்து அடுத்த வருடமே ஓட்டினார்கள்!

சரி, நம் கதைக்கு வருவோம். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965இல் உலகிலேயே முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் ஒன்று (மற்றது தென்னாப்பிரிக்காவில்). மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோடு அன்று சேர்ந்து உழைத்ததும் ஒரு ஜப்பானியப் பல்கலைக்கழகம்தான், ஒசாகா நகரத்துடையது. புரோட்டான் சோதனையும் அங்கே காமியோகாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தொண்ணூறுகளில் அதை மூட்டை கட்டினோம், 2001இல் சுரங்கத்தையே மூடினோம். காமியோகாவிலும் அதே 2001இல் தாது எடுப்பது நின்றது, ஆராய்ச்சி நிற்கவில்லை.

தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வக விவகாரத்துக்குள் நான் போகவில்லை, அங்குள்ளவர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. நான் கேட்பது தங்கவயலைப் பற்றி ஒரு கட்டுரை, அவ்வளவுதான். கருவிகளைக் கீழே இறக்கிக் கொடுத்த தமிழ்த் தொழிலாளர்களில் சிலராவது இன்னும் இருப்பார்கள். உங்கள் பெங்களூரு நிருபர் ரயிலேறி மாரிக்குப்பத்தில் இறங்கி விசாரிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு