மக்களைத் தேடிப் போகும் மருத்துவத்தில் பேச்சுக்கும் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பேச்சுப் பயிற்சி உதவியாளர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கேட்டல், மொழி, பேச்சு குறித்த ஓராண்டு டிப்ளமா படித்தவள். நான்காண்டுப் பட்டம் பெற்ற நிபுணர் குழந்தையைச் சோதித்துத் திட்டம் வகுப்பார். அதைக் குழந்தையோடு பாயில் உட்கார்ந்து நாள்தோறும் நடத்துவது என் வேலை. பணி ஆணையில் மட்டும் நான் பல்நோக்குப் பணியாளர். டோக்கன் கொடுக்கக் கூப்பிட்டால் பயிற்சியைப் பாதியில் விட்டு எழுந்து போக வேண்டும். சம்பளத்தைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. இன்று அது வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, அறுவை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் என்ற செவிக்கருவியைப் பொருத்துகிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் அறுவை முடிந்து, காயம் ஆறி, சில வாரம் கழித்துக் கருவியை இயக்கும் அன்றே குழந்தை பேசிவிடாது. பல குழந்தைகள் மிரண்டு அழும். பிறவியிலேயே கேளாத மூன்று வயதுப் பிள்ளை, கேட்பதைப் பொறுத்தவரை, அன்றுதான் பிறந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடப்பது இதுதான். பயிற்சி தொடங்கும்போதே ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சில் வரும் ஒலிகளின் பரப்பு ஏறக்குறைய முழுவதும் இந்த ஆறில் அடங்கிவிடும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடாதபடி குழந்தையின் பக்கவாட்டில் உட்கார்ந்து சொல்வேன். ஒலி கேட்டதும் அது ஒரு பாசிமணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். நேற்று 'ஸ்' கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லை என்றால், கம்பி பழுதா, பேட்டரி தீர்ந்ததா, சளியா என்று பார்த்து உடனே நிபுணருக்குச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை வரும் பிள்ளைக்கு அந்தப் பழுது மாதம் முழுவதும் தெரியாமலே போகலாம்.

மாதம் ஒருமுறை ஏன் வருகிறார்கள்? மாவட்டத் தலைநகரில்தானே நாங்கள் இருக்கிறோம். பஸ் கட்டணத்துக்குச் சலுகை இருக்கிறது. இழந்த நாள் கூலிக்கு யார் சலுகை தருவது? முதலில் வாரம் இருமுறை வந்த தாய், பிறகு மாதம் ஒருமுறை வருவார். அறுவடைக் காலத்தில் அதுவும் நின்றுவிடும். பதிவேட்டில் 'தொடர்ந்து வரவில்லை' என்று எழுதுகிறோம். எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குற்றம் அந்தத் தாயுடையது போலல்லவா படிக்கத் தோன்றுகிறது!

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பக்கவாதம் வந்தவரின் கைகாலுக்குப் பயிற்சி தருகிறார். அதே மனிதருக்குப் பேச்சும் போயிருக்கலாம். 'தண்ணீர்' என்று கேட்க அவருக்கு வராது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் எண்ணுவார், பழகிய பாட்டைப் பாடிவிடுவார். "வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்" என்று வீட்டார் சலித்துக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மனப்பாடமாகிப்போன சொல் தானாக வரும், நினைத்துச் சொல்ல வேண்டிய சொல்தான் வராது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அந்த அணியில் ஆள் இல்லை.

வட்டாரத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சி உதவியாளரை அந்த அணியில் சேருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். இது புதிய யோசனையும் இல்லை. 2006–07இல் முன்னோட்டமாகத் தொடங்கிய தேசிய காது கேளாமைத் தடுப்புத் திட்டத்திலேயே, கேளாத சிறு குழந்தைகளுக்கான பயிற்றுநர் என்று மாவட்ட அளவில் ஒப்பந்தப் பணி உண்டு. அதை மாவட்ட மருத்துவமனை வாசலைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தமாக இல்லாமல் பணியிடமாக்க வேண்டும்.

ஓராண்டு படித்தவர்களை நம்பி விடலாமா என்று நிபுணர்கள் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானது. ஆகவே எங்கள் எல்லையை அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். குறைபாட்டை முடிவு செய்வது, காக்ளியர் கருவியின் அமைப்பை மாற்றுவது, விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு என்ன உணவு தரலாம் என்று தீர்மானிப்பது ஆகியவை எங்கள் வேலையாகக் கூடாது. தவறாக விழுங்கிய உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆள் இல்லை என்பதற்காக இந்த வேலைகளையும் எங்கள் தலையில் கட்டுவது இப்போதே சில இடங்களில் நடக்கிறது. குழந்தைகளின் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் உள்ள நிபுணர் வாரம் ஒருமுறை எங்கள் பயிற்சியைக் காணொளியில் பார்த்துத் திருத்தினால் இரு தரப்புக்கும் நல்லது.

ஒரே நேரத்தில் எல்லா மாவட்டங்களிலும் தொடங்க நிதி இல்லாமல் போகலாம். அப்படியானால் பதிவேடுகளை வரவழைத்துப் பாருங்கள். 'தொடர்ந்து வரவில்லை' என்ற வரி எந்த மாவட்டத்தில் அதிகமோ, அங்கே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேச்சுப் பயிற்சி உதவியாளர்