கமலா, பக்கத்து வீட்டுப் பேரனைப் பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலிக்கு இரண்டு பக்கம், பக்கத்து வீட்டுப் பேரனுக்கு நாலு வரி. எனக்கு அந்த நாலு வரிதான் மனதில் நின்றது. முழங்காலுக்காக நடையை நிறுத்திவிடாதே, அவ்வளவுதான்.

ஆசனவாய் இல்லாமல் பிறந்த பிள்ளை. மலம் வெளியேற வயிற்றில் வழி வைக்கும் கொலஸ்டமி போட்டாகிவிட்டது. அடுத்தது ஆசனவாய் வைக்கும் பெரிய ஆபரேஷன். சரி. 'யார் செய்த பாவமோ' என்று அந்தப் பாட்டி புலம்புகிறாளாமே? ஏறக்குறைய 5000 பிறப்புக்கு ஒன்று இப்படி வரும் என்று சொல். கிரகணத்தில் வெளியே போனதாலும் இல்லை, மருமகள் பப்பாளி தின்றதாலும் இல்லை.

நான் குழந்தைகள் அறுவை வார்டுக்கு வந்த புதிதில், பெரிய டாக்டர்கள் பழைய முறையில்தான் செய்தார்கள். வால் எலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு. மீதியெல்லாம் விரலின் உணர்வுதான். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவது மாதிரி மலத்தை அடக்கும் தசையைத் துழாவி, அதற்குள் குடலை இழுத்து விடுவார்கள். மலத்தை அடக்குவதே ஒரு தனித் தசைப்பட்டைதான் என்று மெல்பர்ன் டாக்டர் டக்ளஸ் ஸ்டீபன்ஸ் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்த காலம்.

மெக்சிகோ சிட்டியில் குழந்தைகள் அறுவை டாக்டர் ஆல்பர்ட்டோ பெனியாவுக்கு இந்தத் துழாவல் பிடிக்கவில்லை. வெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பார்த்தார். 1980 ஆகஸ்டில், குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பைத் தூக்கி, வால் எலும்பிலிருந்து நட்டநடுவே முழுக்கத் திறந்துவிட்டார். நரம்புகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுக்கோட்டோடு நின்றுவிடும். கோடு விலகாமல் வெட்டினால் சேதமில்லை. கையில் சின்ன மின்தூண்டி. அதை வைத்தால் தசை சுருங்கும், அதை வைத்தே எல்லை தெரிந்துகொள்ளலாம். உள்ளே தனிப்பட்டை ஏதும் அவர் கண்ணில் படவில்லை. புனல் மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்த தசைதான் இருந்தது. டாக்டர் பீட்டர் டிவிரீஸுடன் சேர்ந்து 1982இல் அதை எழுதி வெளியிட்டார். நாங்கள் வார்டில் 'பிசார்ப்' (PSARP) என்போமே, இப்படிப் பின்பக்கமாகத் திறந்து செய்யும் ஆபரேஷன், அதுதான். சிறுநீர், பிறப்புறுப்பு, மலம் மூன்றுக்கும் ஒரே துவாரமாகப் பிறக்கும் பெண் குழந்தைகளுக்கும் இந்த வழி கைகொடுத்தது.

ஆனால் கமலா, அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு வந்தது இதற்காக இல்லை. தன் ஆபரேஷனுக்குப் பிறகும் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்கு மலம் அடங்குவதில்லை என்று அவரே எண்ணிச் சொன்னார். முதுகெலும்பின் அடிப்பகுதி சரியாக வளராத பிள்ளைகளுக்கு, எத்தனை அழகாகத் தைத்தாலும் அடங்காது. அவர்களுக்கு எனிமாதான். ஒரு வாரம் தினமும் வயிற்றை எக்ஸ்ரே எடுத்து, யாருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று பார்த்துப் பார்த்து மாற்றுவார்கள். அளவு சரியாக அமைந்துவிட்டால் அடுத்த எனிமா வரை ஜட்டி அழுக்காகாது, பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். பெரிய கத்தி வைத்திருக்கும் டாக்டர்கள் பொதுவாக எனிமா டப்பாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை, உனக்குத் தெரியாததா!

அந்தத் தாயிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவை. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் போனதும், புது ஆசனவாய் சுருங்காமலிருக்க, முனை மழுங்கிய உலோகக் கம்பியால் விரித்துவிடப் பல இடங்களில் சொல்வார்கள். தினம் இரண்டு வேளை, வீட்டில், தாயின் கையால். நான் சொல்லிக்கொடுத்த முதல் தாய் கம்பியில் ஜெல்லியைத் தடவித் தடவி நின்றாளே தவிர, உள்ளே விடக் கை வரவில்லை. பிள்ளை பேசாமல் என் வளையலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அழுதது அவள்தான். மூன்றாம் நாள் அவளே செய்தாள். அடுத்த வாரம் பெரிய சைஸ் கம்பியைக் கேட்டு வாங்கிப் போனாள்.

அப்புறம், கொலஸ்டமியை மூடியதும் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று செக்கப்புக்குப் போவதை நிறுத்திவிடப் போகிறார்கள். அதைமட்டும் விடவே விடாதே, சண்டை போட்டாவது அனுப்பு. முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்டு எழுது.

நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். தம்பி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, திட்டாதே.

உன்,
மரகதம்