எல்லாத் தொட்டிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டினுள் வளர்க்கும் பனைவகைச் செடிகள் அனைத்தையும் ஒரு விடுமுறை நாளில் ஒன்றாகத் தொட்டி மாற்றிவிடலாம் என்றும், அரேகாப் புதரைப் பிரித்துப் பல தொட்டிகளாக்கிக் கொள்ளலாம் என்றும் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தோட்டக் குறிப்பைப் படித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதையே செய்து, ஏழு தொட்டிகளில் மூன்றை இழந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நர்சரிகளில் அரேகா என்று விற்கப்படுவது, பெயர் எப்படி ஒலித்தாலும், நம் கமுகு அன்று. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட வேறொரு பனை. அது தானாகவே பக்கக்கன்று விடக்கூடியதுதான். ஆயினும், விற்பனைக்கு வரும் தொட்டி பார்த்தவுடன் அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல நாற்றுகளை நெருக்கி ஒன்றாக நட்டிருப்பார்கள். அவற்றின் வேர்கள் சடைபோல் பின்னிக் கிடக்கும். பழந்தமிழ் இலக்கணம் பனையையும் தென்னையையும் மரம் என்னாது புல் என்று வகுத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வேம்பின் வேரைப் போலப் பனையின் வேர் ஆண்டுதோறும் பருப்பதில்லை. பல இனங்களில் அறுந்த வேர் மீண்டும் கிளைப்பதுமில்லை. தண்டின் அடியிலிருந்து புதுவேர் புறப்பட்டு வரும்வரை செடி உள்ளிருப்பைக் கொண்டே தாக்குப்பிடிக்க வேண்டும். நான் பிரித்த அரேகா மூன்று மாதம் போராடி, குருத்துக் கருகி மடிந்தது. மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓட்டிப் பரவும் ராபிஸ் (Rhapis) என்னும் பனையை, ஒவ்வொரு துண்டிலும் வேர் இருக்கும்படி பார்த்துப் பிரிக்கலாம். ஒற்றைத் தண்டுள்ள கென்டியாப் பனையில் பிரிப்பதற்கே எதுவும் இல்லை.

மற்ற இரண்டு செடிகள் போனதற்குக் காரணம் வேறு. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், தென்னை நார்க்கழிவு மிகுந்த ஒரே கலவையை ஏழுக்கும் போட்டேன். செடிகளோ இறுகிய களிமண் உருண்டையோடு வந்தவை. ஊற்றிய நீர் புதுக் கலவையில் இறங்கித் தங்கியதே தவிர, நடுவிலிருந்த பழைய உருண்டைக்குள் புகவில்லை. ஓலை வாடுவதைக் கண்டு மேலும் மேலும் நீர் ஊற்றினேன். பிறகு பிடுங்கிப் பார்த்தபோது, உள்ளே மண் புழுதியாக உலர்ந்தும், வெளியே வந்த இளவேர்கள் அழுகியும் இருந்தன. ஒரு செடியை முதலில் மாற்றிச் சில வாரம் கவனித்திருந்தால், அந்தக் கலவையின் குறை ஒரு தொட்டியோடு தெரிந்திருக்கும்.

என் ஏழில் இரண்டு செடிகளுக்குத் தொட்டி மாற்றமே தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்காத, ஊற்றிய நீர் சீராக இறங்குகிற தொட்டியைத் தொடாமல் விடுவதே நல்லது. மாற்ற வேண்டியவற்றுக்கும் இரண்டு அங்குலம் பெரிய தொட்டி போதும். அதிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தோடு புளித்துப்போகும். மண் உருண்டையை முன்கூட்டியே நன்றாக நனைத்து, முன்பு இருந்த ஆழத்துக்குக் கீழே தண்டைப் புதைக்காமல் நட வேண்டும். கத்திரி வெயிலைத் தவிர்த்து, புதுவேர் விடும்வரை உரம் போடாமல் இருக்கலாம். பழுக்கும் பழைய ஓலைகளை அழகுக்காக உடனே நறுக்கிவிடுவது பலருக்கும் வழக்கம். சாம்பல்சத்துக் குறைந்த செடி பழைய ஓலையிலிருந்துதான் குருத்துக்கு அந்தச் சத்தை எடுத்துக்கொள்கிறது என்பதால், அவை முழுதாகக் காயும்வரை பொறுப்பது முறை.

அரேகாவைப் பிரிக்கலாம் என்ற வரி பலருடைய செடிகளுக்குக் கேடாக முடியக்கூடும். எனவே எந்தப் பனையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்னும் விளக்கத்தை அடுத்த இணைப்பிலேனும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.