அந்த 23 வருஷத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக்காக வாசகர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மனிதர்கள் குடியேற வேறு கிரகம் தேடி விண்வெளிக்குப் போகிறவர்களின் கதை அது, 2014இல் வந்த படத்துக்கு இப்போது என்ன சண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 2025 பிப்ரவரியில் ஐமேக்ஸ் திரைகளில் அதை மறுபடி ஓட்டியதிலிருந்து எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான். பேரன் கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உலகத்திலேயே இது ஒன்றுதான் படம் என்கிறான். மருமகன் பாதியில் தூங்கிவிட்டு, தான் தூங்கியதே படத்தின் லட்சணத்துக்குச் சாட்சி என்கிறார். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவள் என்பதால் இரண்டு பேரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். டிவியில் போடச் சொல்லி இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தேன் (169 நிமிஷம், ஒரே மூச்சில் உட்கார முதுகு விடவில்லை). அவர்களுக்குத் தீர்ப்பு சொல்வதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவதானால் முன்பக்கத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் கை வைக்காதீர்கள்.

படம் புரியவில்லை என்று எழுதிய புதுச்சேரி வாசகர் ஒருவரை அடுத்த வாரமே மூன்று பேர் சேர்ந்து ஏளனம் செய்திருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று "டீச்சர், புரியல" என்று சொல்கிற பையனைத்தான் எனக்குப் பிடிக்கும். புரிந்த மாதிரி தலையாட்டுகிற நாற்பது பேரை நம்பி காலாண்டுத் தேர்வில் நான் ஏமாந்த கதை நிறைய இருக்கிறது. இன்னொன்று, இந்தப் படத்தில் பாதி வசனம் காதிலேயே விழாது. ஹான்ஸ் ஸிம்மரின் ஆர்கன் இசை பேச்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. படம் வந்த புதிதில் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள்கூட வசனம் கேட்கவில்லை என்று புகார் செய்தார்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்று இயக்குநர் கிரிஸ்டோபர் நோலன் சொல்லிவிட்டார். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் வாசகர் புரியவில்லை என்று சொன்னதில் என்ன குற்றம்? நானும் சப்டைட்டில் போட்டுத்தான் பார்த்தேன், வெட்கப்படவில்லை.

அதே வாசகர் எழுதிய இன்னொரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துவரவில்லை. ஒளியைக்கூட வெளியே விடாத அளவுக்கு ஈர்ப்பு உள்ள கருந்துளை ஒன்றின் பக்கத்தில் இருக்கிற அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் ஏழு வருஷம் போய்விடும் என்பதைக் காதில் பூ சுற்றுகிற வேலை என்கிறார். படத்தில் இருப்பதிலேயே உருப்படியான அறிவியல் அதுதான். ஈர்ப்பு விசை அதிகமாக உள்ள இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் சொல்லி நூறு வருஷத்துக்கு மேல் ஆன சங்கதி. படத்துக்கு ஆலோசகராக இருந்த கிப் தார்ன் சாதாரண ஆள் இல்லை, ஈர்ப்பு அலைகளைக் கண்டுபிடித்ததற்காக 2017இல் நோபல் பரிசு வாங்கியவர். மணிக்கு ஏழு வருஷம் வேண்டும் என்று நோலன் பிடிவாதம் பிடித்தபோது நடக்காது என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், கருந்துளை சுழலக்கூடிய உச்ச வேகத்துக்கு மயிரிழை குறைவாகச் சுழன்றால், அதாவது நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டும் குறைவாகச் சுழன்றால், முடியும் என்று வந்தது. இயற்கையில் அப்படி ஒன்று இருக்குமா என்பது வேறு கேள்வி. கணக்கு இடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்குக் கருந்துளை வரைக்கும் போகவே வேண்டாம், இங்கே கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனால் போதும். மீன் பிடிக்கப் போகிற விசைப்படகில் ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறதே, அதற்குச் சிக்னல் அனுப்புகிற செயற்கைக்கோள் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு குறைவு என்பதால் அதன் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட நாளைக்கு 45 மைக்ரோ வினாடி முந்தும், வேகமாக ஓடுவதால் 7 மைக்ரோ வினாடி பிந்தும், கழித்தால் 38. இந்த 38ஐச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குத் தப்பு வந்துவிடும், தேவனாம்பட்டினத்துப் படகு கரையைத் தேடிக்கொண்டு நிற்கும். ஆக, காலம் இடத்துக்கு இடம் மாறும் என்பதை நம் மீனவர்கள் தினமும் கையில் பிடித்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார்கள்.

சரி, எதிர்க்கட்சிக்கு வருகிறேன். படம் முழுக்க முழுக்க அறிவியல், ஒரு இடத்தில்கூட சமரசமே இல்லை என்று எழுதியிருந்த பொறியியல் மாணவர், கோபித்துக்கொள்ள வேண்டாம், சமரசம் இருக்கிறது. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் ஒளித்தட்டில் நம்மை நோக்கி வருகிற பக்கம் அதிகப் பிரகாசமாகவும், விலகிப் போகிற பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று படத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள். இதை நான் சொல்லவில்லை, அந்தக் காட்சியைச் செய்த குழுவும் தார்னும் சேர்ந்து 2015இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதி ஒத்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள எம்87 கருந்துளையின் நிஜப் படம் வெளியானது நினைவிருக்கிறதா? உளுந்து வடை மாதிரி ஒரு வளையம், அதிலும் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று. படத்தில் வெட்டிய அறிவியல் நிஜத்தில் வந்து நின்றது. (ஒளியாண்டு என்பது தூரம், காலம் இல்லை. இரண்டு கடிதத்தில் தப்பாக வந்திருந்தது, நீங்களாவது திருத்தியிருக்கலாம்.)

கருந்துளைக்குள் விழுந்த கதாநாயகன் தன் மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நிற்பதெல்லாம் முழுக் கற்பனை. கருந்துளைக்கு உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது, அதனால் அங்கே யார் என்ன வைத்தாலும் தப்பு என்று சொல்ல முடியாது, அந்த வசதியை நோலன் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதியவர்களுக்கு வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை. அன்பு எல்லாப் பரிமாணத்தையும் கடக்கும் என்று ஒரு விஞ்ஞானிப் பெண் பேசுவதைப் பலரும் கிண்டல் செய்திருந்தார்கள், எனக்கும் அந்த வசனம் சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் தூக்கலான மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் காதலன் போன கிரகத்துக்குப் போகலாம் என்கிறாள், கூட இருக்கிற இரண்டு ஆண்களும் உணர்ச்சிவசப்படாதே என்று சொல்லி, நல்ல தகவல் அனுப்பிய வேறொரு கிரகத்துக்குக் கப்பலைத் திருப்புகிறார்கள். அங்கே போனால் அந்தத் தகவலே பொய். கடைசியில் மூச்சுவிட முடிந்த கிரகம் அவள் சொன்னதுதான். கிண்டல் செய்தவர்கள் இதைப் பார்ப்பதற்குள் எழுந்து போய்விட்டார்கள் போல.

இதெல்லாம் நம் பாகவதத்திலேயே இருக்கிறது, அவர்கள் திருடிவிட்டார்கள் என்று எழுதிய திருப்பாதிரிப்புலியூர்ப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. ககுத்மி ராஜா மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டு பிரம்மலோகம் போகிறான், அங்கே பாட்டுக் கச்சேரி நடக்கிறது, முடியட்டும் என்று கொஞ்சநேரம் காத்திருக்கிறான், அதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் ஓடிவிடுகிறது. அருமையான கதை, நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் 27 எப்படி வந்தது என்று அதில் கணக்கு இல்லை. கணக்குத்தான் வேண்டுமென்றால் நம் ஆள் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பிடித்துக்கொள்ளலாமே, சூரியனைப் போல் 1.4 மடங்கு எடைக்கு மேல் போனால் வெள்ளைக் குள்ள விண்மீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) தாங்காது என்று இருபது வயதுக்குள் கணக்குப் போட்டவர். 27 சதுர்யுகத்தை விடுங்கள், திரும்பி வந்த அந்த ராஜாவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட மிச்சமில்லையே, அதை ஏன் பெரியவர் விட்டுவிட்டார்?

எல்லோரும் அதைத்தான் விட்டுவிட்டீர்கள். மூன்று வாரக் கடிதங்களையும் கத்தரித்து வைத்திருக்கிறேன், அந்த 23 வருஷத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

தண்ணீர்க் கிரகத்தில் தூரத்தில் மலை என்று நினைத்தது அலையாக எழுந்து வருகிறதே, அந்த இடத்தில் நான் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். 2004 டிசம்பர் 26 இந்த ஊருக்குத் தெரியும், மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள், அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள் அங்கிருந்து தொடர்ந்து பார்த்தேன். அலைக்குத் தப்பித்துத் தாய்க்கப்பலுக்குத் திரும்பி வருகிறார்கள். கதவைத் திறப்பவர், இவர்களோடு இறங்காமல் கப்பலிலேயே தங்கிவிட்ட ரோமிலி. இவர்கள் போனபோது இளைஞர், இப்போது நரைத்துவிட்டது. 23 வருஷம், 4 மாதம், 8 நாள் என்கிறார். ஏழால் வகுத்துப் பார்த்தேன், மூன்று மணி இருபது நிமிஷம் வருகிறது, சரியாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு அந்த மனுஷன் ஒரு தகரக் கப்பலில் தனியாக 23 வருஷம் உட்கார்ந்திருக்கிறார். திட்டவில்லை, அழவில்லை, இனி வரமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்று மெதுவாகச் சொல்கிறார். படம் அவரை அதோடு விட்டுவிட்டுக் கதாநாயகன் பின்னால் ஓடுகிறது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

கதாநாயகன் கூப்பர், சேர்ந்து கிடக்கிற 23 வருஷத்து வீடியோ கடிதங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறான். மகன் பள்ளிக்கூடம் முடித்து, கல்யாணம் செய்து, கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறான். தாத்தா போன வாரம் இறந்துவிட்டார் என்கிறான். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதிலும் போக வழியில்லை.

நம் பக்கத்திலேயே ஒருவர் இப்படி மாட்டியிருக்கிறார். லெ ஜான்டீ என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர், 1761இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியில் இருந்து அளப்பதற்காக 1760இல் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, இறங்க முடியாமல் ஆடுகிற கப்பலில் இருந்தே பார்த்தார், அளவு ஒன்றுக்கும் உதவவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து என்று இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பிறகு புதுச்சேரியில் வான்நோக்குக் கூடம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்தபின் வெயில் வந்தது. ஊர் திரும்பினால் இவர் செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள், பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் இவர் நாற்காலியில் வேறொருவர். போய்வர ஆனது பதினோரு வருஷத்துக்கு மேல். அவருக்குக் கருந்துளை தேவைப்படவில்லை.

எங்களுக்கும்தான். 1984இல் என் வீட்டுக்காரர் சவுதிக்குப் போனபோது மகளுக்கு எட்டு மாதம். அப்போது போன் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டு அரை நாள் உட்கார வேண்டும், காசும் கட்டுப்படியாகாது. அதனால் 90 நிமிஷக் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார், நாங்களும் அப்படியே பேசி அனுப்புவோம். அங்கே போன பலர் வீட்டில் இதுதான் நடைமுறை. குழந்தை முதல் வார்த்தை பேசியது, பல் முளைத்தது, எல்லாம் அவருக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் பழசாகத்தான் போய்ச் சேரும். மூன்று வயதில் அப்பா வந்து வாசலில் நின்றபோது அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டு "யாரோ மாமா வந்திருக்காங்க" என்றாள்.

அவருடைய அம்மா தவறிப்போனபோது தந்தி கொடுத்தோம். தந்தி போவதற்கு முன்பே அவர் ஒரு கேசட் பேசிக் கொடுத்துவிட்டிருந்தார், பண்ருட்டிக்காரர் ஒருவர் அதைக் கருமாதி முடிந்த நாலாம் நாள் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட்டோம். "அம்மா, கால் வலிக்குக் கோடாலித் தைலம் அனுப்பியிருக்கேன், ராத்திரி மட்டும் தேய்ங்க, வெயில்ல போகாதீங்க" என்று பேசுகிறார். பதில் சொல்ல நேரம் விடுவது மாதிரி இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தார். தைலம் பாட்டில் பிரிக்காமல் வெகுநாள் அலமாரியில் இருந்தது.

படத்தில் அந்த வீடியோ கடிதக் காட்சி ஓடும்போது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். வழக்கமாக ஆங்கிலப் படம் என்றால் எழுந்து போய்விடுவார், அன்றைக்குப் போகவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. மறுநாள் காலையில் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. 74 வயதில் இது தேவையா என்று நான் கத்தியதற்குள் அட்டைப்பெட்டியோடு இறங்கிவிட்டார். 41 கேசட். எல்லாவற்றிலும் என் கையெழுத்திலும் அவர் கையெழுத்திலும் தேதி இருக்கிறது.

டேப் ரெக்கார்டர்தான் ஓடவில்லை. பெல்ட் உருகிப் பிசினாகியிருக்கிறது. பேரன் நெட்டில் தேடி இப்போதெல்லாம் யாரும் இதைத் தொடுவதில்லை என்கிறான். கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால், உங்கள் வாசகர்கள் அடுத்த ஞாயிறு இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அதற்காகத்தான் கடைசியை வெட்டாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.