கிரேக்கு படிக்கப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

சபையில் நடந்த அசனப் பந்தியில் முழுக்க உன் பேச்சுதான். "ஒரு சபைக்குப் போதகராகப் போகாமல் கிரேக்கு, எபிரெயம் என்று இன்னும் படிக்கப் போகிறானாமே" என்று அத்தைக்கு ஒரே ஆதங்கம். அதற்குள் சாம்பார் வந்துவிட்டதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தை ஞாயிறுதோறும் நம்மூர் ஹோம் சர்ச்சுக்கு எடுத்துப் போகிற வேதாகமமே அந்தப் படிப்பில் வந்ததுதான். 1871-ல் ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் ஒரு குழு முடித்த மொழிபெயர்ப்பு அது. அதற்கு அடித்தளம், முன்பே தமிழில் மொழிபெயர்த்த ஃபாப்ரிசியஸ் என்ற மிஷனரி.

1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதலில் படித்தது சட்டம். அப்புறம்தான் அங்கே ஹாலே நகரில் இறையியல். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, இரண்டே வருடத்தில் சென்னை வேப்பேரிக்குப் போய்விட்டார். அங்கே சபையும் அவர் பொறுப்புதான். அதையும் அத்தையிடம் சொல்லலாம். அவருக்கு முன்பே தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-லேயே அச்சில் வந்துவிட்டது. இருந்தும் ஃபாப்ரிசியஸ் விடவில்லை, புதிதாக மொழிபெயர்த்தார். கிரேக்கு, எபிரெய மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டார். எழுதியதைப் படித்தவர், படிக்காதவர் எல்லாரிடமும் வாசித்துக் காட்டினார். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் திருத்தினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல்தான் வெளிவந்தது. இந்தியாவுக்கு வந்து 32 வருடம்! பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறியதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நடுவில் 1779-ல் ஓர் அகராதி வேறு.

அச்சு இயந்திரம் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து அள்ளி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரிக்குக் கிடைத்தது. சண்டையில் பறித்த இயந்திரத்தில்தான் சுவிசேஷம் ஓடியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதே. பணம். நம்பிக் கொடுத்தவர்களின் காசை வாங்கி வட்டிக்கு விட்டார், வாங்கியவர்கள் கைவிரித்தார்கள். வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-ல் இறக்கும்வரை அந்தத் தொல்லை தீரவில்லை. எபிரெய இலக்கணத்தில் அத்தனை கறாரான மனிதருக்கு ஆளை எடைபோடத் தெரியவில்லை. நம்மூரில் சீட்டுப் பிடித்துக் கவிழ்ந்தவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே.

சரி, சேர்க்கைக்கு என்றைக்குப் பணம் கட்ட வேண்டும்? அதை எழுது. இந்த வருடத்துக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்
நாகர்கோவில்