பன்னீர் ரோஜாவுக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாடித் தோட்டக் கட்டுரையில், காப்புரிமை (பேட்டன்ட்) உள்ள ரோஜாவில் குச்சி வெட்டி நட்டால் அது திருட்டு, வீட்டுக்கு ஒரு தொட்டி வைப்பதும் தப்பு என்று எழுதியிருந்தீர்கள். அன்று சாயங்காலமே என் தங்கை போன் செய்தாள். நான் கொடுத்த பன்னீர் ரோஜாக் குச்சிகளைப் பிடுங்கிவிடவா என்று கேட்டாள். ஏழும் துளிர் விட்டிருக்கின்றன. அம்மா வீட்டுக் கிணற்றடியில் நாங்கள் பிறக்கும் முன்பிருந்தே நிற்கும் செடியின் குச்சிகள் அவை!

கட்டுரையில் இருப்பது அமெரிக்கச் சட்டம். குச்சி, ஒட்டு, பதியன் என்று விதையில்லாமல் பெருக்கும் செடிகளுக்காகவே 1930இல் அங்கே அதைக் கொண்டுவந்தார்கள். முதல் காப்புரிமை 1931இல் 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்குக் கிடைத்தது. இப்போது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உரிமையாளரைக் கேட்காமல் குச்சி நடக்கூடாது. வீட்டுத் தோட்டத்துக்கும் விலக்கு இல்லை. புது ரகம் உண்டாக்கப் பல வருஷம் உழைக்கிறவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் நம் நாட்டில் செடிக்குக் காப்புரிமையே கிடையாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜெ) பிரிவு அதை விலக்கிவிட்டது. இங்கே இருப்பது 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம். அதில் ரகத்தைப் பதிவு செய்யலாம். ரோஜாவுக்கும் பதிவு உண்டு. மரம், கொடிகளுக்கு 18 ஆண்டு, மற்றவற்றுக்கு 15 ஆண்டு பாதுகாப்பு. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவான ரகமாகவே இருந்தாலும் உழவர் தன் விதையைச் சேமிக்கலாம், திரும்ப நடலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கலாம் என்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்பதுதான் கூடாது. 'விதை' என்று அந்தச் சட்டம் சொல்வதில், தாயைப் போலவே செடி தரும் நடவுப் பொருளும் அடங்கும்.

இது சின்ன விஷயமில்லை. மதுரை மல்லித் தோட்டங்களுக்கு ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து நாற்று வருகிறது. அத்தனையும் குச்சியில் வேர் பிடிக்க வைத்தவை. தான் பதிவு செய்த ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று 2019இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் போட்ட வழக்கும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதைத் திரும்பப் பெற்றார்கள். அப்போது விவசாயிகள் பக்கம் பேசியவர்கள் எடுத்துக் காட்டியது இந்த 39ஆம் பிரிவைத்தான்.

மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவரை 39ஆம் பிரிவு தனியாகக் குறிப்பிடவில்லை. அது ஒரு குறைதான், அதையும் எழுதுங்கள். நர்சரியில் புது ரகம் வாங்கினால் பதிவானதா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி என்று தெருவெல்லாம் கைமாறி வந்த பழைய செடிகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். என் தங்கையைப் போல இன்னும் எத்தனை பேர் துளிர்த்த குச்சியில் கை வைத்திருப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்