ஒரு வருஷம் பொறுத்தால் என்ன?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் குட்டி நடுவில் வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் கடிதம். அவனை இந்த வருஷமே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வதா என்று நீயும் மாப்பிள்ளையும் குழம்பிக்கொண்டிருக்கிறீர்கள். என் மனசில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறுக்கலாம்.

அவனுக்கு அறிவு போதாது என்பதற்காக இல்லை. எழுத்தெல்லாம் தெரிகிறது, நூறு வரை எண்ணுகிறான். ஆனால் பள்ளி வைத்திருக்கும் வயதுக் கணக்கின் கடைசித் தேதிக்குச் சில நாள் முன்னால் பிறந்தவன். இப்போதே சேர்த்தால் வகுப்பிலேயே சின்னவன் அவன்தான். பக்கத்தில் உட்காரும் பிள்ளை அவனைவிடப் பதினொரு மாதம் மூத்ததாக இருக்கலாம். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

ஒன்றாம் வகுப்பு எடுத்த காலமெல்லாம் நான் பார்த்தது இது. வயதில் சின்னப் பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்துத் தாள் கிழிய அழுத்தி எழுதும். பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்ல வாய் வராமல் நெளியும். மதியத்துக்கு மேல் கண் சொருகிவிடும். அதற்குள் 'மந்தம்', 'ஓர் இடத்தில் உட்காராது' என்று பேர் வாங்கிவிடும். அடுத்த வகுப்பு டீச்சரிடமும் அந்தப் பேர்தான் முதலில் போய்ச் சேரும்.

டாக்டர்களும் இதற்குத் தப்பவில்லை. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, செப்டம்பர் 1-ஐக் கடைசித் தேதியாக வைத்திருக்கும் மாநிலங்களைப் பார்த்தது. அங்கே வகுப்பில் மிகச் சின்னவர்களான ஆகஸ்டு மாதப் பிள்ளைகளுக்கு, மிக மூத்தவர்களான செப்டம்பர் மாதப் பிள்ளைகளைவிட ஏடிஎச்டி (கவனம் நிற்காமல், அடங்காமல் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு) என்று சொல்லப்பட்டது சுமார் 34 சதவீதம் அதிகம். அந்தத் தேதி இல்லாத மாநிலங்களில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. பிறந்த மாதத்தால் கோளாறு வருமா என்ன? வயதுக்கே உரிய துறுதுறுப்பைப் பலருக்குக் கோளாறாக எண்ணியிருக்கலாம்.

போன வாரம் வீடியோ காலில் அவன் ஷூ மாட்டியதைப் பார்த்தேன். கால் மாறி மாட்டிவிட்டு, நீ உதவப் போனதும் "நானே, நானே" என்று உன் கையைத் தட்டிவிட்டான். அப்புறம் ஷூவைத் தூக்கி எறிந்துவிட்டு ஓவென்று அழுதான். நீ மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்த பிறகுதான் அடங்கினான். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அந்த மடிக்கு எங்கே போவான்?

இந்த வயதில்தான் சேர்க்கவேண்டும் என்று உலகத்துக்கே பொதுவான விதி எதுவும் கிடையாது. பின்லாந்தில் ஏழு வயது நிறையும் வருஷத்தில்தான் முதல் வகுப்பு. இங்கிலாந்தில் பெரும்பாலான பிள்ளைகள் நாலு வயது முடிந்து வரும் செப்டம்பரிலேயே போய்விடுகிறார்கள். அங்கேயும் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை பிறந்தவர்களுக்கு ஒரு வருஷம் தள்ளிக் கேட்க வழி இருக்கிறது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கப் பழகியவர்களையும் ஏழில் பழகியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதினோரு வயதுவாக்கில் இரு சாராரும் ஒன்றுபோலவே வாசித்தார்கள்.

சம்பந்தியம்மா "ஒரு வருஷம் வீணாகுமே" என்கிறார்கள். அதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே. வகுப்பு ஏற ஏற மூத்த பிள்ளை, இளைய பிள்ளை வித்தியாசம் குறைந்துவிடும் என்பது உண்மைதான். பேச்சுத் துணையில்லாமல் டிவி முன்னால் கிடக்கும் பிள்ளைக்குப் பள்ளியே மேல். பேச்சிலோ காது கேட்பதிலோ சந்தேகம் இருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். நம் குட்டிக்கு அந்தக் கவலை இல்லை. மழலையர் வகுப்பில் கூட்டாளிகள் இருக்கிறார்கள், இன்னொரு வருஷம் அங்கே சந்தோஷமாக ஓடும்.

ஆனாலும் முடிவெடுக்கும் முன் பள்ளிக்குப் போய் ஒன்றாம் வகுப்பு நடப்பதை ஒரு காலை முழுக்கப் பார். பிள்ளைகள் எவ்வளவு நேரம் அசையாமல் உட்காருகிறார்கள், விளையாட எத்தனை தடவை விடுகிறார்கள் என்று கவனி. அங்கேயும் விளையாட்டோடுதான் பாடம் என்றால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன். தள்ளிச் சேர்த்தால் ஒன்றாம் வகுப்பிலேயே எடுப்பார்களா, வயதைப் பார்த்து நேராக இரண்டாம் வகுப்பில் உட்காரவைப்பார்களா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். அது தெரியாமல் காத்திருக்காதே. விண்ணப்பக் கெடு நெருங்குகிறது, இந்த வாரமே மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்வா.

அன்புடன்,
அம்மா